மொட்டமாடில ஒரு கூலிங் டவர் (சில்லர் வெச்சு போர்டைக் கொன்ன கதையும் சேத்து)

கம்ப்யூட்டர் மதர்போர்டுல பிராசஸர் உக்கார்ற சாக்கெட்டோட லிவரைத் தூக்கி, பிராசஸரை வெளிய எடுத்தா அடில ஈரம். சும்மா மூச்சு விட்ட மாதிரி மங்கலா இருக்கும்ல அந்த ஈரம் இல்ல, முத்து முத்தா நிக்குது. சாக்கெட்டுல இருக்கிற 1200 பின்னுல மூலைப்பக்கம் இருந்த ஒரு முப்பது நாப்பது பின் பச்சையா பூத்துப் போயிருந்துச்சு, பூஜை ரூம் பித்தளை விளக்கைத் தேய்க்காம விட்டா களிம்பு ஏறுமே, அதே பச்சை. போர்டைத் திருப்பிப் பாத்தா பின்னாடி பேக்பிளேட்டுக்கும் போர்டுக்கும் நடுவுல இருந்து தண்ணி சொட்டுது. ஒரு ராத்திரில முடிஞ்சு போச்சு. கரண்ட் ஓடிக்கிட்டு இருக்கிற பின்ல தண்ணி பட்டா சும்மா துரு பிடிக்கிற கதை இல்ல, மின்பகுப்பு நடந்து உலோகம் கரைஞ்சே போயிடும், அதான் அவ்வளவு சீக்கிரம்.

இது ஏன் நடந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி எதுக்கு இந்த வேலைல இறங்குனேன்னு சொல்லிடறேன். நம்ம வீடு திருச்சி உறையூர்ல, என் ரூம் முதல் மாடி, மேல நேரா மொட்டமாடி தளம். மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு ரூம்ல 37 டிகிரி. கம்ப்யூட்டர்ல இருக்கிறது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன ஐ9-10900கே பிராசஸர், 10 கோர், அதாவது ஒரே சிப்புக்குள்ள பத்து குட்டி பிராசஸர் மாதிரி. பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் போடுவேன், அதாவது கட்டட மாடலைப் படமா மாத்துறது, ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் வேலை, ஒரு ரெண்டர் ஆறு ஏழு மணி நேரம் ஓடும். எல்லா கோரையும் 5.1 கிகாஹெர்ட்ஸ்ல 1.32 வோல்ட் குடுத்து ஓட்டுனா சுமார் 270 வாட் இழுக்கும். 240 சைஸ் ரெடிமேட் லிக்விட் கூலர் போட்டிருந்தேன், தண்ணி சிப்போட சூட்டை எடுத்துட்டுப் போய் ஃபேன் வெச்ச ரேடியேட்டர்ல விடும். மார்கழில பிரச்சனையே இல்ல. மே மாசம் 98, 99 டிகிரி, அப்பறம் 100 தொட்டு தானா ஸ்பீடைக் குறைச்சுக்கும். இந்த சிப்போட லிமிட்டே 100தான்.

இங்க ஒரு கணக்கை முதல்லயே புரிஞ்சுக்கிட்டா பின்னாடி வர்றது எல்லாம் ஈஸி. என் செட்டப்புல 270 வாட் ஓடும்போது தண்ணிக்கும் கோருக்கும் நடுவுல கிட்டத்தட்ட 45 டிகிரி வித்தியாசம் எப்பவும் இருக்கு. சிலிக்கான், சால்டர், மேல இருக்கிற செம்பு மூடி, பேஸ்ட், அதுக்கு மேல உள்ள தண்ணி ஓடுற செம்பு பிளாக்கு, எல்லாத்தையும் தாண்டி சூடு வெளிய வரணும்ல, அந்தத் தடை அது. அதை நாம பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. தண்ணி எத்தனை டிகிரில இருக்கோ அதோட 45 கூட்டிக்கோங்க, அதான் கோர் டெம்ப்பரேச்சர். ரூம் 37, ரேடியேட்டர் அதுக்கு மேல ஒரு 15 டிகிரி ஏறுது, தண்ணி 52, கூட 45, ஆச்சு 97. பெரிய ரேடியேட்டர் போட்டா அந்த 15 அஞ்சாகும், ஆனா 37க்குக் கீழ போகவே போகாது. ரேடியேட்டர் என்னிக்கும் ரூம் காத்தைத் தாண்டிக் குளுத்தாது. சென்னையோ திருச்சியோ வேலூரோ, நம்ம ஊர்ல வெயில் காலத்துல இதான் சிக்கல், வெளிநாட்டுக்காரன் 22 டிகிரி ரூம்ல போடுற வீடியோவைப் பாத்து ஏமாறக் கூடாது.

அதனால சில்லர், அதாவது ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரசர் வெச்சுத் தண்ணியைக் குளுத்துற மெஷின். பழைய இரும்புக் கடைல முக்கால் டன் விண்டோ ஏசி ஒண்ணு கெடச்சுது, ஓடுது, பாடி மட்டும் துரு. ஐடியா சிம்பிள், முன்பக்க கிரில்லைக் கழட்டி குளுர்ற காயிலை ஸ்க்ரூ எடுத்து, கேஸ் லைனை வெட்டாம, செம்புக் குழாயை மெதுவா வளைச்சு வெளிய கொண்டு வந்து ஒரு தண்ணிப் பெட்டிக்குள்ள முக்கிடறது. வளைக்கறப்போ குழாய் நசுங்குனா கேஸ் போச்சு, அதனால தெரிஞ்ச ஏசி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அவரு பாத்துட்டு "தம்பி, ஏசியைத் தண்ணில போடுறதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்ட, கெணத்துல போட்டுருக்கலாம்ல" அப்படின்னாரு. ஆனா வளைச்சுக் குடுத்துட்டாரு, கை வித்தை அது, பத்து நிமிஷத்துல.

பெட்டிக்கு மீன் மார்க்கெட்ல தர்ற தெர்மாகோல் ஐஸ் பெட்டி, அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் டப், 20 லிட்டர். பெட்டியை நாலு தடவை கழுவியும் வஞ்சிரம் வாசனை போகல, அம்மா ரூம் பக்கமே வரல. ஏசியோட சொந்த தெர்மோஸ்டாட்டை பைபாஸ் பண்ணிட்டு எஸ்டிசி-1000 டிஜிட்டல் கண்ட்ரோலர் போட்டேன், அதோட சென்சார் தண்ணிக்குள்ள. கம்ப்ரசர் நின்னா மறுபடி ஸ்டார்ட் ஆகறதுக்கு மூணு நிமிஷம் கேப் விடணும், உள்ள பிரஷர் சமமாகணும், அந்த செட்டிங் இதுலயே இருக்கு.

ஸ்விட்ச் போட்டா கால் மணி நேரத்துல 32ல இருந்து 12க்கு வந்துருச்சு. முக்கால் டன்னுன்னா கிட்டத்தட்ட 2.6 கிலோவாட் சூட்டை எடுக்கும், நம்ம சிப்பு குடுக்கறது 270 வாட். பாயாசம் சூடா இருக்குன்னு ஆத்துறதுக்கு ஃபயர் இஞ்சினைக் கூப்பிட்ட கதை. ஒரு நிமிஷம் ஓடும், பத்து நிமிஷம் நிக்கும். மெக்கானிக் அண்ணன் கேட்டுட்டுத் திட்டுனாரு, இப்படி நிமிஷத்துல நிறுத்துனா ஆயில் திரும்பிக் கம்ப்ரசருக்கு வராதுன்னு. சரின்னு கண்ட்ரோலர்ல இடைவெளியை 2 டிகிரில இருந்து 5 ஆக்குனேன், மூணு நிமிஷம் ஓடி அரை மணி நேரம் கிட்ட நிக்க ஆரம்பிச்சுது. 20 லிட்டர் தண்ணி 270 வாட்ல ஒரு டிகிரி ஏற அஞ்சு நிமிஷம் ஆகும், தண்ணியோட பெருமை அது.

கரண்ட் பில் எகிறும்னு எல்லாரும் நினைப்பாங்க, நானும் நினைச்சேன், அப்பா கண்டிப்பா நினைச்சாரு. கணக்குப் பாத்தா சில்லர் சராசரியா 100 வாட்டுக்குப் பக்கமாத்தான் இழுக்குது. செலவு வேற இடத்துல ஒளிஞ்சிருந்துச்சு, அதுக்கு வர்றேன்.

ரிசல்ட்டு? கோர் 57, 58. 5.1ல. 5.3 போட்டுப் பாத்தேன், அதுவும் ஓடுச்சு. அன்னிக்கு நைட்டு எனக்குத் தூக்கமே வரல, சந்தோஷத்துல.

2018 ஜூன்ல தைபே கம்ப்யூடெக்ஸ்ல இன்டெல்காரங்க 28 கோர் சிப்பை 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓட்டிக் காட்டுனாங்கல்ல, மேடைல எல்லாரும் கை தட்டுனாங்க, அப்பறம் பாத்தா மேஜைக்கு அடில ஒரு ஹார்ஸ்பவர் வாட்டர் சில்லர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. டியூபுக்கு மேல தடிமனா கறுப்பு ஃபோம் சுத்தியிருந்ததைப் பாத்துத்தான் பத்திரிகைக்காரங்க கண்டுபிடிச்சாங்க. அந்தக் கறுப்பு ஃபோம் எதுக்குன்னு நான் அப்ப சரியா யோசிக்கல. அதான் என் தப்பு.

பனித்துளி எப்ப வரும்னா, ஒரு பொருளோட டெம்ப்பரேச்சர் சுத்தி இருக்கிற காத்தோட பனிப்புள்ளிக்குக் கீழ போகும்போது. காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா மாற ஆரம்பிக்கிற டெம்ப்பரேச்சர்தான் பனிப்புள்ளி. ரூம்ல ஏசி போட்டு 26 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம்னா பனிப்புள்ளி சுமார் 15. அந்த முதல் டெஸ்ட்டுக்கு அப்பறம் ரெண்டு வாரம் தண்ணியை 16லதான் வெச்சிருந்தேன், ஒரு துளி வேர்க்கல. அப்பறம் ஆசை விடுமா, மறுபடி 12க்கு இறக்குனேன், பனிப்புள்ளிக்குக் கீழ மூணு டிகிரிதானேன்னு. டியூபுக்கு மட்டும் ஏசி பைப்புக்குப் போடுற ஃபோம் சுத்துனேன், சாக்கெட்டைச் சுத்தி, போர்டுக்குப் பின்னாடி எல்லாம் ஒண்ணும் போடல. இப்ப செலவு எங்கன்னு புரிஞ்சுதா, பிராசஸரைக் குளுத்தறதுக்கு 100 வாட்டு, அது வேர்க்காம இருக்க ரூம் ஏசி ராத்திரி பூரா. ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி ரீடிங், 500 யூனிட் தாண்டுச்சுன்னா ஸ்லாப் எங்கயோ போயிடும், அப்பா முகமும் எங்கயோ போயிடும். அதனால மூணு மணிக்கு ஏசி ஆஃப் ஆகற மாதிரி டைமர் வெச்சிருந்தேன்.

அன்னிக்கு நைட்டு கோடை மழை. மூணரை மணிக்கு முழிப்பு வந்துச்சு, ஏசி நின்னுருக்கு, வெளிய ஜில்லுன்னு காத்து. எந்திரிச்சு ஜன்னலை ரெண்டையும் அகலமாத் தொறந்து வெச்சுட்டு சுகமா மறுபடி படுத்தேன். மழை பெஞ்ச காத்துல பனிப்புள்ளி 24, ரூமுக்குள்ள 12 டிகிரில ஒரு செம்பு பிளாக்கு. ஐஸ் வாட்டர் ஊத்துன சொம்பு எப்படி வேர்க்கும், அப்படி. ரெண்டர் ஓடிக்கிட்டே இருந்துருக்கு, அஞ்சே முக்காலுக்கு நின்னுருக்கு, லாக்ல டைம் இருக்கு. என் கையாலயே ஜன்னலைத் தொறந்து போர்டைக் கொன்னேன், வேற யாரையும் சொல்ல முடியாது.

பிராசஸர் பொழச்சுக்கிச்சு. அதுல பின் கிடையாதே, தட்டையான பேடுதான், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வெச்சுத் தொடைச்சு, அழிரப்பர் வெச்சு மெதுவாத் தேய்ச்சதும் சரியாச்சு. போர்டு குப்பை. செகண்ட் ஹேண்ட்ல இன்னொரு போர்டு தேடிப் பிடிக்க ஒரு மாசம் ஆச்சு.

அந்த ஒரு மாசத்துல சில்லர் டப்பைக் கவுத்துனப்போ இன்னொரு கூத்து. அடில சாம்பல் கலர்ல சேறு. ஏசி காயில்ல குழாய் செம்பு, ஃபின் அலுமினியம், அதை அப்படியே தண்ணில முக்கி, அதே தண்ணியைச் செம்பு பிளாக்கு வழியா சுத்த விட்டா அது ஒரு பேட்டரி மாதிரி, அலுமினியம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சேறு பிளாக்குக்குள்ள இருக்கிற மயிரிழைப் பள்ளத்துல எல்லாம் போய் அடைச்சு வெச்சிருந்துச்சு. போர்டு சாகலைன்னாலும் இன்னும் ரெண்டு மாசத்துல இது நின்னுருக்கும். இந்த ஏசி காயில் ஐடியாவைப் பாத்து யாராவது செய்யப் போறீங்கன்னா, பிராசஸர் தண்ணி வேற, காயில் இருக்கிற தண்ணி வேறன்னு ரெண்டாப் பிரிச்சுடுங்க, சாக்கெட்டைச் சுத்தி வாசலின் தடவி, பின்னாடி ஃபோம் ஒட்டி, காத்தே போகாம அடைங்க. ரெக்கார்டுக்காக லிக்விட் நைட்ரஜன் ஊத்தி சிப்பைக் குளுத்துறவங்க எல்லாம் அப்படித்தான் பண்றாங்க.

நைட்ரஜன்னதும் ஞாபகம் வருது, ஒரு ஃப்ரெண்டு "டேய், கால்நடை ஆஸ்பத்திரில மாட்டுக்குச் சினை ஊசி வெச்சிருக்கிற கேன்ல லிக்விட் நைட்ரஜன்தான்டா இருக்கு, கேட்டுப் பாப்போமா" அப்படின்னான். இருக்குதான், மைனஸ் 196 டிகிரி. ஆனா அது பத்து நிமிஷ விளையாட்டு. 2011ல ஏஎம்டியோட எஃப்எக்ஸ்-8150 8.429 கிகாஹெர்ட்ஸ் போச்சு, 2022 கடைசில ஐ9-13900கே 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுச்சு, ரெண்டுமே லிக்விட் ஹீலியம் ஊத்தி. ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கற வரைக்கும் ஓடுனா போதும் அவங்களுக்கு. எனக்கு ஏழு மணி நேரம் ரெண்டர் ஓடணும். அதுவும் போக ஒரு லிட்டர் லிக்விட் நைட்ரஜன் ஆவியானா சுமார் 700 லிட்டர் கேஸ், மூடுன ரூம்ல ஆக்ஸிஜனைத் தள்ளி விட்டுடும், மயக்கம் வர்றது கூடத் தெரியாது. வேண்டாம் சாமி.

இப்ப விஷயத்துக்கு வருவோம். மண்பானை. வீட்டுல வெயில் காலம் வந்தா சமையக்கட்டு ஓரமா மணல் பரப்பி பானை வெச்சிடுவாங்க. ஒரு நாள் மதியம் சும்மா அந்தத் தண்ணில தெர்மாமீட்டரை விட்டேன், 29. ரூம் 37. கரண்டும் இல்ல கம்ப்ரசரும் இல்ல, எட்டு டிகிரி கம்மி. நான் நாலு வருஷமா அதுல தண்ணி மொண்டு குடிச்சுக்கிட்டே ரேடியேட்டர் ரூம் டெம்ப்பரேச்சருக்குக் கீழ போகாதுன்னு பொலம்பிக்கிட்டு இருந்துருக்கேன்.

ஒடனே ரெண்டு தெர்மாமீட்டர் எடுத்து ஒண்ணுல அப்பாவோட பழைய வேட்டித் துணியைச் சுத்தி நனைச்சு, ரெண்டையும் மொட்டமாடி நிழல்ல டேபிள் ஃபேன் முன்னாடி கட்டித் தொங்க விட்டேன். காஞ்சது 40. ஈரத்துணி சுத்துனது மெதுவா எறங்கி 26ல நின்னுச்சு. இதுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். தண்ணி ஆவியாகிக் குளுர்றதுக்கு அதான் அடிமட்டம், அதுக்குக் கீழ போகாது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஈரக்குமிழ் அளவு பனிப்புள்ளிக்கு மேலதான் இருக்கும், மிஞ்சிப் போனா சமமா இருக்கும். அன்னிக்கு ஈரப்பதம் 30 சதவீதம், பனிப்புள்ளி 19. அதாவது ஆவியாக்கிக் குளுத்துற செட்டப்பு எவ்வளவு நல்லா வேலை செஞ்சாலும் வெளிக்காத்தோட பனிப்புள்ளியைத் தாண்டிக் கீழ போகவே போகாது. ஜன்னலைத் தொறந்து வெச்சாலும் பிளாக்கு வேர்க்காது. சில்லருக்கு நான் தனியா கண்ட்ரோலர் வெச்சுப் பாத்துக்க வேண்டியதா இருந்ததை இது இயற்கையாவே பாத்துக்குது.

தெர்மல் ஸ்டேஷன்ல எல்லாம் பெருசா நிக்குதே கூலிங் டவர், அதோட குட்டிதான். வெளிநாட்டு ஓவர்கிளாக்கர்ஸ், அதாவது சிப்பை அதோட ஸ்பீடைத் தாண்டி ஓட்டுறவங்க, 2000களோட ஆரம்பத்துலயே இதைப் பண்ணிப் பாத்திருக்காங்க, பாங் கூலர்னு பேரு வெச்சிருக்காங்க.

செஞ்சது இப்படி. ஆறு இஞ்ச் பிவிசி பைப் அஞ்சடி, காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பிளம்பிங் கடைல துண்டு பைப்பாக் கெடச்சுது. அடில ஒரு டீ ஜாயிண்ட், மூணு வாய் இருக்குமே அது. டீயோட பக்கவாட்டு வாய்ல ஆறு இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன், காத்தை உள்ள தள்ற மாதிரி. தண்ணி தெறிச்சு ஃபேன் மோட்டார்ல படாம இருக்க ஃபேனுக்கு முன்னாடி ஒரு வளைவு பைப் போட்டுக் கொஞ்சம் தூக்குன மாதிரி வெச்சேன். டீயோட கீழ் வாய் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டுக்குள்ள. பக்கெட்டுல ஏர் கூலருக்கு வர்ற சின்ன மோட்டார், 18 வாட், அது தண்ணியை மேல ஏத்தி பாத்ரூம் ஷவர் தலை வழியாக் கொட்டும். தண்ணி கீழ, காத்து மேல. நடுவுல தண்ணி மெல்லிசாப் பரவி இறங்க ஏதாவது வேணும்ல, முதல்ல வெட்டிவேர் வெச்சேன். ஆஹா, ஒரு வாரம் மொட்டமாடி பூரா கோயில் மாதிரி வாசனை. ரெண்டாவது வாரம் வழுவழுன்னு ஆகி தண்ணி டிகாஷன் கலர்ல வர ஆரம்பிச்சுது. தூக்கிப் போட்டுட்டு ஏர் கூலர் தேன்கூடு பேடை வட்டமா வெட்டி மூணு அடுக்கா எறக்குனேன். ஷவருக்கு மேல பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நார் ஒரு அடுக்கு, சாரல் வெளிய பறக்காம இருக்க.

இந்தத் தண்ணியை நேரா பிராசஸருக்கு அனுப்பக் கூடாதுன்னு சில்லர் சேறு ஏற்கனவே சொல்லிக் குடுத்துருச்சு. அதனால ஏசி கடைல 3/8 இஞ்ச் செம்புக் குழாய் 15 மீட்டர் சுருள் வாங்கி, பக்கெட்டுக்குள்ள சுருட்டி எறக்குனேன். பிராசஸர் தண்ணி அந்தச் செம்புக்கு உள்ள ஓடும், டவர் தண்ணி வெளிய. உள் தண்ணிக்கு பெட்ரோல் பங்க்ல விக்கிற பேட்டரி தண்ணி, அதாவது டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் இல்ல, ரெண்டையும் மாத்தி வாங்கிடாதீங்க.

ரூமுக்கும் மாடிக்கும் டியூபு, போக எட்டு மீட்டர் வர எட்டு மீட்டர். கொத்தனார் மட்டம் பாக்கற லெவல் டியூபைப் போட்டேன், மலிவு. கண்ணாடி மாதிரி இருக்கிற டியூப்ல வெயில் பட்டா பாசி பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா, தெரியும், இருந்தாலும் தண்ணி ஓடறதைப் பாக்க ஆசை. இருபது நாள்ல பச்சை. கறுப்பு டியூபு வாங்கி, மேல ஏசி ஃபோம் சுத்தி, அதுக்கு மேல வெள்ளைத் துணி சுத்துனேன், இல்லைன்னா வெயில்லயே தண்ணி சூடாகித்தான் கீழ வரும்.

இன்னொரு முட்டாள்தனம். ரிசர்வாயரை, அதாவது உள் தண்ணியை ஊத்தி ரொப்பற டப்பாவை, ரூம்ல கம்ப்யூட்டர் பக்கத்துல வெச்சிருந்தேன். காத்துக் குமிழி சத்தம் கேக்குதேன்னு மூடியைத் தொறந்தேன் பாருங்க, மாடில இருக்கிற சுருள், டியூபு, எல்லாத் தண்ணியும் கீழ வர ஆரம்பிச்சுது. பத்து பன்னெண்டு அடி உயரத்துல இருந்து தண்ணி கீழ வரும்னு அஞ்சாங்கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தாங்க. நல்லவேளை கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்துச்சு. கட்டைவிரலை வெச்சு அமுத்திக்கிட்டு "அம்மா, பக்கெட்டு" அப்படின்னு கத்துனதுல அம்மா பயந்து ஓடி வந்தாங்க. ரிசர்வாயர் எப்பவும் லூப்போட உச்சில இருக்கணும், அப்பத்தான் காத்தும் மேல வந்து வெளியேறும். இப்ப அது மாடில டவர் பக்கத்துல. பம்புக்கு 12 அடி ஏத்த தெம்பு வேணுமேன்னு கவலைப்படாதீங்க, மூடுன லூப்ல ஏறுற தண்ணியை எறங்குற தண்ணியே இழுத்துக்கும், பம்பு உராய்வை மட்டும் சமாளிச்சா போதும். நிமிஷத்துக்கு நாலு லிட்டர் கிட்ட ஓடுது. அந்த வேகத்துல பிளாக்குக்குள்ள போற தண்ணிக்கும் வெளிய வர்ற தண்ணிக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். மெதுவா ஓடுனாத்தான் தண்ணி சூட்டை உறிஞ்சும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

மே மாசக் கடைசி வாரம், மதியம் ரெண்டரை, வெளிய 40, முழு லோடு ரெண்டு மணி நேரம் ஓடுன பிறகு எழுதி வெச்சது: பக்கெட் தண்ணி 28, பிளாக்குக்கு வர்ற தண்ணி 31, கோர் 76. டவர் பம்பு, ஃபேன் ரெண்டும் சேந்து 50 வாட்டு. சில்லரோட 57 இல்லதான், ஒத்துக்கறேன், 5.3 போகாது. ஆனா ரூம் ஏசி தேவையில்ல, 270 வாட் சூடும் ரூமை விட்டு மாடிக்குப் போயிடுது, அதுவே பெரிய நிம்மதி.

தண்ணிச் செலவு எனக்கு ஒரு பாடம். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வேணும், அப்ப 270 வாட்டுக்கு மணிக்கு 400 மில்லி போதும்னு கணக்குப் போட்டேன். பக்கெட்டுல கோடு போட்டு அளந்தா மதியம் மணிக்கு ஒன்றரை லிட்டர் காலி. எங்கயோ ஒழுகுதுன்னு ரெண்டு நாள் தேடுனேன், ஒரு ஜாயிண்டுக்குத் தேவையில்லாம எம்-சீல் எல்லாம் போட்டேன். ஒழுகல. 40 டிகிரி காத்தை உள்ள விடறோமே, அந்தக் காத்தையும் டவர் குளுத்தித்தான் வெளிய அனுப்புது, என் சிப்பை விட அதுக்குத்தான் தண்ணி அதிகம் போகுது. ராத்திரி காத்து 30 டிகிரிக்கு வந்ததும் முக்கால் லிட்டராக் கொறைஞ்சிடுது.

ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கயே நிக்கும். முதல்ல போர் தண்ணி ஊத்துனேன், எங்க வீட்டு போர்ல டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, 1400. பத்து நாள்ல ஷவர் ஓட்டையெல்லாம் வெள்ளையா அடைச்சு, தண்ணி ஒரே பக்கமா பீச்சி அடிக்குது. சிட்ரிக் ஆசிட்ல ராத்திரி ஊற வெச்சதும் நொரைச்சுக்கிட்டுக் கழண்டு வந்துச்சு. இப்ப காவேரித் தண்ணி மட்டும், 300 கிட்ட. அதுவே மூணு நாள்ல 850க்கு ஏறிடும், அப்ப பக்கெட்டைக் கவுத்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டுப் புதுசா ரொப்பிடுவேன். இதை விட்டா இன்னொரு காரணமும் இருக்கு, 1976ல ஃபிலடெல்ஃபியால ஒரு ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவங்களுக்கு நிமோனியா பரவுச்சே, அந்த லீஜியோனெல்லா கிருமிக்கு இந்த மாதிரி வெதுவெதுப்பான தண்ணி ரொம்பப் பிடிக்கும், சாரல் வழியா மூச்சுக்குள்ள போகும். பக்கெட்டைத் தேய்ச்சுக் கழுவுங்க, டவர் வாயை யார் ஜன்னலுக்கும் நேரா வைக்காதீங்க.

கார்ப்பரேஷன்ல இருந்து டெங்கு செக் பண்ண ஒரு அக்கா வந்தாங்க, மாடிக்கு ஏறிப் பாத்துட்டு "என்ன தம்பி இது, சாராயம் காச்சுறியா" அப்படின்னாங்க. வெளக்கிச் சொன்னேன், பாதி நம்புனாங்க, பக்கெட்டுல டார்ச் அடிச்சுப் புழு இருக்கான்னு பாத்தாங்க, இல்ல. நைலான் வலை கட்டச் சொன்னாங்க, கட்டுனேன். வலை காக்காவுக்கும் நல்லது, இல்லைன்னா காலைல ஆறு மணிக்கு பக்கெட்டு அதுக்குக் குளியல் தொட்டி.

ஐப்பசி மழைல இது வேலையே செய்யாது, காத்துல ஈரம் இருக்குமேன்னு அப்பா சொன்னாரு, நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனா அளந்தா பக்கெட்டு 26. ஈரப்பதம் 90க்கு மேல இருந்தாலும் காத்தே 25தானே, ஈரக்குமிழ் 24 கிட்ட நிக்குது. மே மாசத்தை விட ரெண்டு டிகிரி கம்மி. என்ன ஒண்ணு, அந்த மாசம் சாதாரண ரேடியேட்டரே கிட்டத்தட்ட இதே வேலையைச் செஞ்சிருக்கும், அவ்வளவுதான். மழைத்தண்ணி டவர் வாய்ல விழுந்து பக்கெட்டு ரொம்பி வழிஞ்சதுக்கு ஒரு அலுமினியத் தட்டைக் கவுத்து மேல குடை மாதிரி வெச்சிருக்கேன்.

இன்னும் தண்ணி ரொப்பறது கையாலதான். ரெண்டு நாள் ஊருக்குப் போனா கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டுத்தான் போக வேண்டியிருக்கு. பழைய ஏர் கூலர் ஒண்ணுல இருந்து ஃப்ளோட் வால்வு கழட்டி வெச்சிருக்கேன், ஓவர்ஹெட் டேங்க்ல இருந்து அரை இஞ்ச் லைன் இழுக்கணும், டேங்க்ல ஓட்டை போடறதுக்கு அப்பா இன்னும் சரின்னு சொல்லல.